பட்டறை ஓசையும் பாட்டில்லா இசையும்: பர்கூர் – ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாடகர் கிடையாது. பாட்டு வரியும் கிடையாது. மேடையில் இரண்டு மின் கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம்ஸ், ஒரு மடிக்கணினி. கிதாரிலிருந்து ராக் இசையின் கனத்த முழக்கம் வருகிறது. கணினியிலிருந்து பொடிப்பொடியாக வெட்டப்பட்ட தாளம் திக்கித் திக்கி வருகிறது. இரண்டும் மோதி, விலகி, மறுபடி இழைந்து ஒரு மணி நேரம் கேட்பவரைக் கட்டிப்போடுகின்றன. இந்த வகைக்கு இன்று உலகம் முதலில் சுட்டும் குழுக்களில் ஒன்று, 2001இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொடங்கிய 65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக். ஷெஃபீல்டு எஃகு ஊர். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியது அங்கேதான்.

அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் நம் பக்கத்துத் தொழில் வட்டாரம் நினைவுக்கு வருவது இயல்பு. ஓசூரில் தொடங்கி, கிருஷ்ணகிரி வழியாக, பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டை வரை இயந்திரம் ஓயாத நிலம் இது. (ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையைச் சொல்லவில்லை, சென்னைச் சாலையில் இருக்கும் பர்கூர்.) இந்த இசை எத்தகைய ஊர்களில் பிறக்கிறது, எதனால் பிறக்கிறது, அதற்கான காரணங்களில் எவை நம்மிடம் இருக்கின்றன, எது இல்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தொழிற்சாலை இருந்தால் மட்டும் இசை பிறந்துவிடாது. வேலை முடிந்து வருபவனுக்குச் சத்தம் போட ஓர் இடம் கிடைக்கும் ஊரில்தான் அது பிறக்கிறது. சான்றுகள் எல்லாம் அந்த முடிவுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இரும்பு ஊர்களின் கதை

கனத்த கிதார் ஓசையின் பிறப்பே ஒரு தொழிற்சாலை விபத்தோடு பிணைந்தது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிதாரில் கம்பியை அழுத்தும் கை அதுதான். ஆலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீக்காயத்தால் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் ஜாஸ் கிதாரில் உச்சம் தொட்டவர் ரைன்ஹார்ட். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்காத மெல்லிய கம்பிகளைத் தேடினார். பிறகு கம்பிகளின் சுருதியையே இறக்கினார். அவர் வாசித்த பிளாக் சப்பாத் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கியது. ஹெவி மெட்டல் என்ற வகையின் அடர்த்தியான, கீழ்ச்சுருதி ஓசைக்கு அது அடித்தளம் போட்டது. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. அவர்களில் ஒருவரிடம் இசைத்தட்டோடு யாராவது போய் நின்றதுண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இசையின் இன்னொரு பாதி, மின்னணு ஓசை, ஷெஃபீல்டில் வளர்ந்தது. 1973இல் கபரே வால்டேர் குழு, 1977இல் ஹியூமன் லீக் குழு, 1989இல் வார்ப் இசை நிறுவனம் என்று வரிசையாக வந்தன. இரவெல்லாம் உலைக்கூடச் சம்மட்டிகள் இடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்ததாக அந்த ஊர்க் கலைஞர்கள் நேர்காணல்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் வைத்து, ஆலைச் சத்தமே இசையாகிவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் நடந்தது வேறு. ஹியூமன் லீக்கின் தொடக்க உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்தித்தது, 1970களில் நகர மன்றத்தின் ஆதரவோடு நடந்த மீட்விசில் என்ற இளைஞர் கலைப் பட்டறையில். கபரே வால்டேர் ஒலிப்பதிவு செய்தது பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில். 1980களில் எஃகு வேலைகள் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, நகர மன்றமே காலிக் கட்டடங்களைக் கலைத்தொழில் பகுதியாக மாற்றியது. பொதுச் செலவில் ஒலிப்பதிவுக் கூடமும் அமைத்தது. ஷெஃபீல்டின் இசைக்குச் சத்தம் காரணமென்றால், காலியான அறையும் கைகொடுத்த நகர மன்றமும் அதே அளவுக்குக் காரணம்.

தாளத்தை வெட்டும் கலை

கணினியின் 'திக்கல்' ஓசைக்குத் தனி வரலாறு உண்டு. 1990களின் முதற்பாதியில் ஜெர்மனியின் ஓவல் குழு, குறுந்தகடுகளின் முதுகில் கிறுக்கி, அவை ஓடும்போது எழும் தாவலையும் திக்கலையும் பதிவு செய்து அதிலிருந்து இசை அமைத்தது. கருவியின் பிழையே கச்சாப்பொருளானது. 2000ஆம் ஆண்டில் கிம் காஸ்கோன் எழுதிய கட்டுரை ஒன்று, தோல்வியையே அழகாக்கும் இந்தப் போக்குக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. அதே காலத்தில் எய்ஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற மின்னணு இசைக் கலைஞர்கள் டிரம்ஸ் ஒலியைக் கணினியில் கூறுபோடும் முறையைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றிருந்தார்கள்.

செய்முறை இதுதான். நான்கு நொடி டிரம்ஸ் பதிவு ஒன்றைக் கணினியில் ஏற்றி 16 துண்டாக வெட்டுகிறார்கள். அதில் ஏழாவது துண்டை மட்டும் எடுத்து, நான்காகக் கூறுபோட்டு, அதில் ஒரு கூறைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அடி திக்குகிறது. இன்னும் பொடியாக்கி, நொடிக்கு நாற்பது ஐம்பது முறை ஓடவிட்டால், காது அதை அடியாகக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அது ஒரு சுரமாக மாறி ஒலிக்கிறது. தாளம் சுரமாக மாறும் அந்தப் புள்ளியை விரல் நுனியில் வைத்து விளையாடுவதே இந்தக் கலை. நம் லய வித்வான்களுக்கு இது அந்நியமான விளையாட்டில்லை. ஒரே தாளத்தை மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஏழாக, ஒன்பதாகப் பகுத்து நடை மாற்றும் கணக்கு நம்மிடம் பல தலைமுறையாக இருக்கிறது. கணினி அதே கணக்கைக் கைக்கு எட்டாத வேகத்தில் போடுகிறது.

65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக்கின் முதல் தொகுப்பு 'தி ஃபால் ஆஃப் மேத்' (2004). அதன் அடுத்த ஆண்டுத் தொகுப்பில் வந்த 'ரேடியோ புரொடெக்டர்' என்ற உருப்படியைக் காது கொடுத்துக் கேட்டால் முறை விளங்கும். பியானோவில் ஒரு சிறு சுற்று தனியாகத் தொடங்கி, அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் அடியில் நொறுங்கிய கணினித் தாளம் சேர்கிறது. பிறகு மனிதர் அடிக்கும் டிரம்ஸ் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. கடைசியில் கிதார்கள் எழுந்து பியானோவை மூழ்கடிக்கின்றன; ஆனாலும் அந்தச் சுற்று காதைவிட்டுப் போவதில்லை. பாட்டு வரி செய்ய வேண்டிய வேலையை அந்தச் சிறு சுற்று செய்துவிடுகிறது.

மேடையில் இதை வாசிப்பது கடினம். கணினி யாருக்காகவும் நிற்காது. டிரம்ஸ் வாசிப்பவர் காதில் ஹெட்போன் மாட்டி, அதில் விழும் கிளிக் ஒலியோடு நூலிழை பிசகாமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே அறையில் எல்லாரும் கூடிச் செய்யும் சாதகம் தேவை. கைப்பேசியில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி கால்வாசிதான்.

இந்தக் குழு அத்தோடு நிற்கவில்லை. 2008இல் தி க்யூர் குழுவோடு சுற்றுப்பயணம் போனது. 2016இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கணினி விளையாட்டுக்கு இசை தந்தது. விளையாடுபவர் போகும் வழிக்கேற்ப விளையாட்டே ஒலித்துண்டுகளைச் சேர்த்துக் கோர்த்துக்கொள்ளும்படி அமைத்த இசை அது. நான்கு பேர் கொண்ட ராக் குழு மென்பொருள் எழுதும் குழுவாகவும் வளர்ந்துவிட்டது. பொறியியல் மாணவர்கள் நிறைந்த நம் மாவட்டம் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இந்தியாவில் இந்த ஓசை

இந்தியாவுக்கு மின்னணு இசை நேற்று வந்ததில்லை. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசரை வைத்து ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா முதலியோர் அதில் பதிவு செய்த நாடாக்கள் பல்லாண்டு கிடப்பில் கிடந்து 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் ரோலண்டு மின்னணுக் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது உலகம் வியந்தது. இந்த இரண்டிலும் கருவி இருந்தது, கலைஞரும் இருந்தார். கேட்கக் கூடும் கூட்டமும் தொடர்ந்து நடக்கும் மேடையும்தான் இல்லை.

ராக்கும் மின்னணுவும் கைகோத்தது 1994இல் தொடங்கிய மும்பையின் பென்டகிராம் குழுவில். அதன் கிதார் கலைஞர் ராண்டால்ஃப் கோரியா பிறகு ஷாயர் பிளஸ் ஃபங்க் என்ற மின்னணு இரட்டையரில் ஒருவரானார். பெங்களூரில் லவுஞ்ச் பிரானா குழு 2008இல் தன் தொகுப்பை வெளியிட்டு, ராக் கருவிகளால் ஓசையை அடுக்கடுக்காகக் கட்டும் போஸ்ட்-ராக் என்ற வகைக்கு இங்கே வழி திறந்தது. அதன் பிறகு வந்த பெங்களூர்க் குழுவான அன்டில் வீ லாஸ்ட் முழுக்கக் கருவியிசை. அதன் கிதார் கலைஞர் கேதன் பாஹிரத், ஓஷன்டைட் என்ற பெயரில் மின்னணு இசையும் செய்பவர். கனத்த கிதாரும் வெட்டிய தாளமும் ஒரே ஆளிடம் இருப்பதற்கு இவரைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை. பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெங்களூர்க் குழு மெட்டல், மின்னணு, கர்நாடக இசை மூன்றையும் ஒரே உருப்படிக்குள் அடைத்தது. அதில் குரலும் உண்டு. அகமதாபாத்தின் ஆஸ்வீகீப்சர்ச்சிங் 'ஸியா' (2017) தொகுப்பில் இதே பாதையில் நடந்தது.

இவற்றில் பெங்களூர்க் குழுக்களே அதிகம். 1996 முதல் இலவசமாக நடந்த ஃப்ரீடம் ஜாம் மேடை, 2013இலிருந்து 2019 வரை இந்திராநகரில் இயங்கிய ஹம்மிங் ட்ரீ போன்ற கூடங்கள், வாடகைக்குக் கிடைக்கும் சாதக அறைகள் ஆகியவை அங்கே இருந்தன. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். பர்கூரிலிருந்து நூறுக்குச் சற்று மேல். தூரம் குறைவுதான். ஆனால் நிகழ்ச்சி முடியும் நேரத்தில் காலை ஷிப்டுக்காரன் ஊர் திரும்பப் பேருந்து தேட வேண்டும்.

தமிழ்க் காதுக்குப் புதிதா?

வரி இல்லாத இசையைத் தமிழர் கேட்க மாட்டார்கள் என்று சொல்லும் பழக்கம் உண்டு. இது ஆதாரமில்லாத பேச்சு. நாகசுரமும் தவிலும் திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், ஊரையே நிறைத்தவை. நையாண்டி மேளத்துக்கு வரி தேவைப்பட்டதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து அம்மன் திருவிழாவில் பம்பை முழங்கும் இடத்தில் நின்றவர்களுக்கு, பேரோசை உடம்புக்குள் இறங்கி ஆளையே ஆட்டுவது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையாகக் கட்டிய இரண்டு பறைகளில் குச்சியால் அடர்த்தியாக அடித்து, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, அருள் வரும் உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது பம்பைக்காரரின் வித்தை. மெல்லத் தொடங்கி, அடுக்கி அடுக்கி உச்சம் தொடும் போஸ்ட்-ராக்கின் கட்டுமானமும் அதுவேதான்.

நவீன இசையிலும் முன்னோடிகள் உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வந்த கருவியிசைத் தொகுப்பு. அதே ஆண்டில் 'புன்னகை மன்னன்' படத்தில் அவர் கணினியைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு (1992) முன்பே ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். கர்நாடக இசையை மின் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' வெளியிட்டார். முறுக்கேறிய கிதாரோடு மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மோதும் கருவியிசை அது. சென்னையின் ஜடாயு குழு பாடகர் இல்லாமலே கர்நாடக ராகங்களை ராக், ஜாஸ் பக்கம் கொண்டு செல்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று திரைப்படப் பின்னணி இசை. 'மங்காத்தா' (2011) தீம் இசையைக் கைப்பேசி அழைப்பொலியாக வைத்துக்கொண்டவர்களிடம் வரி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாயகன் நடந்து வரும் காட்சிக்குக் கனத்த கிதார், அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ், வெட்டி ஒட்டிய மின்னணுத் தாளம் ஆகியவை வழக்கமான சேர்மானம் ஆகி வெகுநாள் ஆயிற்று. தனியார்ப் பேருந்தில் பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் அரை மணி நேரத்துக்குள் இந்தச் சேர்மானத்தைக் கேட்டுவிடலாம். காது பழகிவிட்டது. நாயகனின் முகம் இல்லாமல் இதே ஓசை தன் காலில் நிற்கும் மேடைதான் இன்னும் அமையவில்லை.

பர்கூர் முதல் ஓசூர் வரை: இருப்பதும் இல்லாததும்

ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் அடுத்தடுத்து வந்தன. இப்போது போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் ஆலை இயங்குகிறது. பர்கூரில் மொத்த ஜவுளி வியாபாரம், சுற்றிலும் கிரானைட் குவாரிகள், பாலிஷ் பட்டறைகள். 1994இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மின்னணுவியலும் கணினியியலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கிதாரின் ஓசையை முறுக்கும் பெடல் என்பது சில டிரான்சிஸ்டர்களும் டயோடுகளும் சேர்ந்த சிறு சர்க்யூட். ஆய்வகத்தில் சாலிடரிங் தெரிந்த இரண்டாமாண்டு மாணவர் செய்துவிடக் கூடியது. தாளத்தை வெட்டும் மென்பொருள்களில் இலவசமானவை பல இருக்கின்றன.

இன்னொரு வலிமை மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை வட்டாரம் இது. ஆலைகளுக்கு ஒடிசா, பீகார், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து தங்கியிருக்கிறார்கள். இவர்கள் கூடி ஒரு குழு அமைத்தால் எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி முதல் நாளே எழும். பாட்டு வரி இல்லாத இசையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பாட்டில்லா இசை இந்த மண்ணுக்குப் பொருந்த இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

இல்லாதது அறை. ஷெஃபீல்டில் ஆலைகள் மூடியதால் கட்டடங்கள் சும்மா கிடைத்தன. இங்கே ஆலைகள் பெருகுவதால் வாடகை ஏறுகிறது. தொழிலாளர் ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று தங்குகிறார்கள். அங்கே டிரம்ஸ் வைக்க முடியாது. ஷெஃபீல்டின் பாதையை அப்படியே பின்பற்ற நமக்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். அங்கே தானாகக் காலியானதை இங்கே திட்டமிட்டு உருவாக்க வேண்டும். அப்படி உருவாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை போடப்பட்டது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு அதில் அரங்கேறி, கானாவையும் ராக்கையும் சேர்த்துத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது.

மறுப்புகள்

முதல் மறுப்பு: நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் இருப்பவனுக்கு இரவிலும் சத்தமா? இதை ஒதுக்கிவிட முடியாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே நம் தொழிற்சாலை விதிகளின் உச்சவரம்பு. அந்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றால் காது பழுதாகும். ஆகவே இந்த இசைக்கூடத்தில் ஒலி அளவுக் கட்டுப்பாடும் காதடைப்பானும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆலைச் சத்தம் தொழிலாளிமீது திணிக்கப்படுவது. இசைச் சத்தத்தை ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் அவனுக்கு அதிகாரம் உண்டு. இந்த வேறுபாடு பெரியது.

இரண்டாவது: இது இரவல் இசை. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ஆர்மோனியமும் அப்படியே. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியும் ஆர்மோனியம் இல்லாத தெருக்கூத்தும் அரிது. கருவி எங்கே பிறந்தது என்பதைவிட, அதில் எந்த ஊர் ஒலிக்கிறது என்பதே முக்கியம். பம்பையின் வேகத்தையும் பாலிஷ் பட்டறையின் இரைச்சலையும் பதிந்து, வெட்டி, கிதாரோடு சேர்த்தால் அது பர்கூர் இசைதான்.

மூன்றாவது: வரியில்லாமல் என்ன சேதி சொல்ல முடியும்? சாவு வீட்டில் பறை சொல்லும் சேதிக்கு வரி கிடையாது. கேட்டவுடன் ஊருக்குப் புரிகிறது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செய்ய வேண்டியது

இதுவரை பார்த்தவற்றின் தொகுப்பு இது. கருவி மலிந்துவிட்டது. காது பழகிவிட்டது. மின்னணு அறிவும் லயக் கணக்கும் மொழிப் பன்மையும் இந்த வட்டாரத்தில் கொட்டிக் கிடக்கின்றன. சாதகம் செய்ய ஓர் அறையும், மாதம் ஒருமுறை வாசிக்க ஒரு மேடையும் இல்லை. பற்றாக்குறை இந்த இரண்டில்தான். திறமையில் இல்லை.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி, திறன் வளர்ப்பு, கலைப் பாதுகாப்பு அதன் பட்டியலில் உள்ளன. அதில் ஒரு சிறு துளி போதும், சத்தம் வெளியே போகாத ஓர் அறையும் ஒரு டிரம்ஸும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சிப்காட் பகுதியில் அமைத்துவிடலாம். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரமும் தவிலும் மிருதங்கமும் வயலினும் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் கிதாரும் மின்னணு இசையும் மாலை வகுப்பாகச் சேர்ந்தால், தவில் மாணவரும் கணினி மாணவரும் ஒரே கூரையின் கீழ் சந்திப்பார்கள்.

இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பர்கூர்க் கல்லூரி மாணவர்களும் ஓசூர்த் தொழிற்சங்கங்களும் இந்த மாவட்டத்து இசை ஆசிரியர்களும்தான். குறைதீர்க்கும் நாள் கூட்டம் வாரந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. முதல் மனுவை அடுத்த திங்கட்கிழமையே கொடுங்கள்.